மூன்றாம் கட்டிலின் முழங்கால்

எலும்பு டாக்டர் இளவரசுவின் பெயர்ப்பலகையை முழுசாகப் படிக்க வேண்டுமானால் கடலூர் மஞ்சக்குப்பம் சிக்னலில் சிவப்பு விளக்கு விழ வேண்டும். பச்சையில் போகிறவர்களுக்கு எம்.எஸ். வரைக்கும்தான் கிடைக்கும். அந்தப் பலகையில் இருக்கும் ஒன்பது பட்டங்களில் நான்கு படித்து வாங்கியவை. மூன்று சந்தா கட்டி வாங்கியவை. ஒன்று, வெளிநாட்டுக்கு நான்கு நாள் சுற்றுலா போனபோது ஓட்டல் வரவேற்பறையில் கொடுத்தது. கடைசிப் பட்டம் 'முடநீக்கு வேந்தர்'. அதைக் கொடுத்த சங்கத்துக்கு அவரே கௌரவத் தலைவர் என்பதால், போர்த்த வேண்டிய பொன்னாடை அவருடைய காரின் பின்சீட்டிலேயே விழாவுக்கு வந்து சேர்ந்தது.

வேந்தருக்கு ஒரு வித்தை தெரியும். நோயாளி கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்காருவதற்குள் வியாதி என்ன என்று சொல்லிவிடுவார். "நடையப் பாத்தா போதும். தொட்டுப் பாக்கறதெல்லாம் சந்தேகம் இருக்கறவன் செய்யற வேலை" என்பார். பண்ருட்டியிலிருந்தும் நெய்வேலியிலிருந்தும் ஜனங்கள் அந்த வித்தையைப் பார்க்கவே மூட்டு வலியோடு பஸ் ஏறினார்கள்.

ரோசியும் அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு போனவள்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால்.

"வாங்க. இடது முட்டி" என்றார் வேந்தர், பாதித் தலையை நிமிர்த்தி.

ரோசிக்குப் புல்லரித்துவிட்டது. இடது முட்டிதான் வலித்தது. மாடிப்படி ஏறினால் ஒரு குத்து குத்தும். அதோடு, கால் இரண்டும் குழாயில் சொருகின மாதிரி விறைத்துக்கொள்கிறது, கை விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்க மாட்டேன் என்கின்றன என்பதையும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அதற்குள் அடுத்த ஆள் கதவைத் தள்ளிவிட்டார். அவருக்கு இடுப்பு.

முட்டியைப் படம் எடுத்தார்கள். தேய்ந்திருந்தது. ஐம்பது வருடம் நடந்த முட்டி தேயாமல் என்ன செய்யும்? ரோசி மாத்திரையும் முட்டிக்கு மாட்டும் உறையும் வாங்கிக்கொண்டு வந்தாள். அடுத்த முறை போனபோது, உட்காருவதற்கு முன்பே முந்திக்கொண்டாள்.

"டாக்டர், விரலு கூட ஒரு மாதிரியா..."

"டைப் அடிக்கிறீங்கல்ல? கொஞ்ச நாளைக்கு அடிக்காதீங்க."

"அடிக்கலன்னா சாப்பாட்டுக்கு என்னா பண்றது டாக்டர்?"

"சாப்பாட்டையும் கொறைங்க. வெயிட்டு முட்டிக்கு ஆகாது."

ரோசி சிரித்துவிட்டாள். சிரித்திருக்கக் கூடாது என்று பின்னால் பலமுறை நினைத்துக்கொண்டாள்.

கலெக்டர் ஆபீசுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு தகரக் கொட்டகையில் அவளுடைய டைப்பிங் சென்டர். இருபத்தேழு வருடமாகப் பட்டா மாற்றம், வாய்க்கால் ஆக்கிரமிப்பு, முதியோர் உதவித்தொகை, மருமகள் கொடுமை, அதே வீட்டின் மாமியார் கொடுமை என்று ஜில்லாவின் பாதிக் குறை அவளுடைய பத்து விரல் வழியாகத்தான் அரசாங்கத்துக்குப் போயிருக்கிறது. தமிழிலும் இங்கிலீஷிலும் டைப்பிங் ஹையர் பரீட்சை பாஸ் பண்ணிய விரல்கள். முதலில் தட்டச்சு மெஷின், பிறகு கம்ப்யூட்டர். விரல்கள் மாறவில்லை. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் என்றால் காலையில் மட்டும் நாற்பது மனு அடிப்பாள். 'தாழ்மையுடன்' என்று யாராவது மூன்று இடத்தில் போடச் சொன்னால், "ஒரு எடம் போதும் மாமா, ஜாஸ்தி குனிஞ்சா அவுங்க நம்மள படிக்காம தாண்டிப் போயிடுவாங்க" என்பாள்.

இப்போது பன்னிரண்டு மனுவுக்கே மத்தியானம் ஆகிவிடுகிறது. ஒரு எழுத்தைத் தட்டப் போனால் பக்கத்து எழுத்தும் சேர்ந்து விழுகிறது. ரவிக்கைக் கொக்கியை லூயிஸ்தான் மாட்டிவிடுகிறான். முதுநகர் துறைமுகத்தில் ஐஸ் பாளம் தூக்குகிற அவள் கணவனுக்கு அந்தச் சின்னக் கொக்கியைப் பிடிப்பதற்குள் வேர்த்துவிடும். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஜெபமாலை உருட்டினால் ஒரு மணிக்குப் பதில் மூன்று மணி நகர்ந்துவிடுகிறது. "மாதா தப்பா எடுத்துக்க மாட்டாங்க" என்றான் லூயிஸ். மாதா எடுத்துக்கொள்ள மாட்டார். மனு கொடுக்க வந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். எதிர்க் கடைக்குப் போகத் தொடங்கினார்கள்.

இந்த நிலைமையில்தான் அவள் பரீட்சைக்கும் போய்க்கொண்டிருந்தாள். எழுத அல்ல, படுக்க.

சிதம்பரத்துக்கு வெளியே புதிதாக எழும்பிய வெள்ளாறு மருத்துவக் கல்லூரியில் வேந்தர்தான் எலும்புத் துறையின் தலைவர். அங்கே எலும்பு டாக்டராகப் போகிறவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை செய்முறைத் தேர்வு நடக்கும். உயிருள்ள நோயாளிகளைக் கட்டிலில் வரிசையாகப் படுக்க வைத்து, 'இவருக்கு என்ன?' என்று கேட்பார்கள். அந்த நோயாளிக்கு அங்கே 'கேஸ்' என்று பெயர். வேன் வந்து அழைத்துப் போகும், சாப்பாடு உண்டு, மாத்திரை இலவசம். எந்தக் கட்டிலுக்கு என்ன விடை என்பது வேந்தர் கையெழுத்தில் ஒரு தாளில் இருக்கும். மூன்றாம் கட்டில்: முழங்கால் மூட்டுத் தேய்மானம்.

முதல் தடவை போனபோது வந்த பையனுக்கு முகமெல்லாம் வேர்வை. எங்கே தொடுவது என்று தெரியாமல் ஸ்டெதஸ்கோப்பை எடுத்து முட்டியில் வைத்தான். பக்கத்துக் கட்டில் சடையப்பன் ரோசியைப் பார்த்துக் கண்ணடித்தார். சடையப்பன் புவனகிரிக்காரர். முதுகெலும்பு மொத்தமும் ஒன்றோடொன்று ஒட்டி மூங்கில் கழி ஆகிவிட்டவர். கழுத்து திரும்பாது. பக்கத்தில் இருப்பவரைப் பார்க்க ஆளே திரும்ப வேண்டும். பதினாலு வருடமாகக் கேஸ்.

"என்னால பாஸான டாக்டருங்க மட்டும் நாப்பது பேரும்மா" என்றார். "எனக்கு இருக்கற அனுபவத்துக்கு அவனுங்க எனக்கு வணக்கம் வெக்கணும். நீ புதுசு. ஒண்ணு சொல்றேன், புள்ள பாவமா இருந்தா பேரச் சொல்லிடு. நம்ம கட்டில்ல ஒருத்தன் ஃபெயிலாகக் கூடாது."

அதுதான் அங்கே வழக்கம். கேஸ்கள் விடையைச் சொல்லிவிடுவார்கள், மாணவர்கள் மறுநாள் பிஸ்கட் பாக்கெட்டோடு வந்து கையைப் பிடித்துக்கொள்வார்கள்.

"முட்டித் தேய்மானம், தம்பி. எடது பக்கம் ஜாஸ்தி" என்றாள் ரோசி.

பையன் முகம் மலர்ந்தது. மரியாதைக்கு முட்டியை ஒரு தடவை தடவிவிட்டு இரண்டு பக்கம் எழுதினான். பாஸானான். அவனுக்குப் பிறகு வந்தவனும் பாஸானான். நாலு பரீட்சையில் பதினோரு பேர் ரோசியின் முட்டியில் ஏறிக் கரை சேர்ந்தார்கள். ஒவ்வொரு தடவையும் வேந்தர் தன் தாளைப் பார்த்துத் தலையாட்டிக்கொள்வார். பதினோரு பேர் தனித்தனியாகப் பார்த்து ஒரே வியாதியைச் சொன்னால் அது வேறு என்னவாக இருக்க முடியும்? அந்தப் பதினோரு பேருக்கும் சொன்னது ரோசி. ரோசிக்குச் சொன்னது வேந்தர். வேந்தருக்குச் சொன்னது கதவு. ஒரு விஷயத்துக்கு இத்தனை சாட்சி கடலூர் கோர்ட்டில்கூடக் கிடைக்காது.

ஐந்தாவது பரீட்சை மே மாதத்தில் வந்தது. அதற்கு முந்தின திங்கட்கிழமை ரோசியின் கொட்டகைக்கு மூன்றே பேர்தான் வந்தார்கள். மூன்றாவது ஆள் அவள் அடித்த தாளைப் பார்த்துவிட்டு, சங்கடத்தோடு, "பரவால்லமா, நான் கையாலயே எழுதிக் குடுத்துக்கறேன்" என்று போய்விட்டார். வேன் ஏறும்போது ரோசி இடது காலைக் கையால் தூக்கிப் படியில் வைத்தாள். இன்றைக்கு வேந்தரிடம் விரலைப் பற்றி எப்படியாவது கேட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். கல்லூரியில் இறங்கியதும் எதிரில் வந்த நர்ஸ் மங்கலத்திடம் அதைச் சொல்லவும் செய்தாள்.

"இன்னிக்கா? நல்ல நாள் பாத்தீங்க" என்றாள் மங்கலம், ரோசியின் மணிக்கட்டில் மூன்று என்று எழுதிய பட்டையைச் சுற்றிக்கொண்டே. "இன்னிக்கு அவரு எக்ஸாமினரு. வெளி மாநிலத்துலேர்ந்து பெரிய டாக்டர் ஒருத்தரு வந்துருக்காரு. கேஸ் வாயே தொறக்கக் கூடாது, தெரியும்ல?"

பெரிய டாக்டரை வரவேற்கும் ஃபிளெக்ஸ் வாசலில் கட்டியிருந்தது. அதில் வேந்தரின் படம் ஆள் உயரம். வரவேற்கப்படுகிறவர் வேந்தரின் முழங்கை அருகே ஒரு வட்டத்துக்குள் இருந்தார்.

மூன்றாம் கட்டிலுக்கு வந்த பெண்ணின் பெயர் சத்யப்பிரியா. இரண்டாவது தடவை எழுதுகிறாள். கையில் சின்னச் சுத்தியல், குண்டூசி, பஞ்சு, டேப், எல்லாம் ஒரு டிபன் பாக்ஸில் போட்டு எடுத்து வந்திருந்தாள். உதடு காய்ந்திருந்தது. ரோசிக்கு மனசு இளகிவிட்டது.

"பயப்படாத கண்ணு. முட்டித்..."

"அம்மா, சொல்லாதீங்க! ப்ளீஸ்." அந்தப் பெண் காதைப் பொத்தாத குறை. "போன தடவை ஒருத்தர் சொன்னத நம்பி எழுதித்தான் ஃபெயிலானேன். அவருக்கு வலது எது எடது எதுன்னே தெரியல. நானே பாக்கறேன்."

"நீ பாரு, பாரு" என்றார் சடையப்பன் அடுத்த கட்டிலிலிருந்து. "எனக்கென்னா. வழக்கத்த மீறுறீங்க, அவ்ளோதான்."

அவள் முதலில் நடக்கச் சொன்னாள். பிறகு ஒரு குதிகாலை இன்னொரு கால் விரலுக்கு முன்னால் வைத்து, கயிற்றில் நடப்பது போல நடக்கச் சொன்னாள். மூன்றாம் அடியில் ரோசி அவள் மேலேயே சாய்ந்தாள். படுக்க வைத்து முட்டியை மடக்கினாள். மடங்கியது. வீக்கம் இல்லை, சூடு இல்லை, லேசாக ஒரு நறநறப்பு. முட்டிக்குக் கீழே சுத்தியலால் தட்டினாள். கால் அந்தரத்தில் உதைத்தது. சுத்தியலே கையை விட்டுப் போயிருக்கும்.

சத்யப்பிரியா நின்றுவிட்டாள். முட்டியை விட்டுவிட்டு மேலே வந்தாள்.

"கைய முழுசா மூடி முழுசா தொறங்கமா. வேகமா. நான் பத்து எண்ணுவேன்."

ரோசி மூடித் திறந்தாள். பத்து எண்ணுவதற்குள் ஒன்பது தடவைதான் முடிந்தது. "இருபதுக்கு மேல வரணும்" என்று அந்தப் பெண் தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டாள். ரோசியின் நடுவிரல் நுனியைப் பிடித்து நகத்தைக் கீழ்ப்பக்கமாகச் சுண்டிவிட்டாள். விரலைத் தொட்டதற்குக் கட்டை விரல் வந்து குதித்தது. உள்ளங்காலில் சாவியால் கோடு இழுத்தாள். பெருவிரல் கீழே மடங்காமல் மேலே நிமிர்ந்தது. கடைசியாகத் தலையைக் குனியச் சொன்னபோது முதுகு நெடுக ஷாக் அடித்த மாதிரி ஓடியது. ரோசி "சேசுவே" என்று கத்திவிட்டாள்.

"ஒண்ணுக்கு வந்தா அடக்க முடியுதாமா?"

இதை யாரும் அவளிடம் கேட்டதில்லை. லூயிஸிடம்கூட அவள் சொன்னதில்லை. "கொஞ்ச நாளா ஓடணும்" என்றாள் மெதுவாக. "ஓடத்தான் முடியல."

சத்யப்பிரியா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"முட்டியில பெருசா ஒண்ணும் இல்லமா. கழுத்துல."

"கழுத்தா? கழுத்து வலிக்கவே இல்லியே."

"வலிக்கணும்னு இல்ல. கைக்கும் காலுக்கும் போற நரம்பெல்லாம் சேர்ந்து தண்டுவடமா கழுத்து வழியாத்தான் எறங்குது. அங்க எலும்பும் ஜவ்வும் தடிச்சு எடத்தக் குறுக்கி அத நசுக்குது. அதான் விரலு தடுமாறுது, காலு விறைக்குது."

ரோசி கூரையைப் பார்த்துச் சொன்னாள்.

"மேல வாய்க்கால ஆக்கிரமிச்சுட்டான். கீழ வயலு காயுது. உங்க வேந்தரு ரெண்டு வருஷமா வயலுக்கு உரம் போட்டுக்கினு இருக்காரு."

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

"ஆபரேஷன் பண்ணா விரலு திரும்புமா கண்ணு?"

"இதோட நிறுத்தலாம்மா. போனதுல எவ்ளோ திரும்பும்னு சொல்ல முடியாது. ஆனா லேட்டாக ஆக போயிக்கினே இருக்கும். ஸ்கேன் உடனே எடுக்கணும்."

சடையப்பன் கட்டிலோடு திரும்புவது போலத் திரும்பினார். "பாப்பா, நான் பதினாலு வருஷ சர்வீஸு, கேளு. சாரோட தாள்ல முட்டின்னு இருக்குது. நீ முட்டின்னே சொல்லி பாஸாயிடு. அப்பறம் டாக்டராயி இந்தம்மாவ நல்லாப் பாரு."

"அடுத்த பரீட்சை வரைக்கும் நான் நிக்கணுமே அண்ணே" என்றாள் ரோசி.

சத்யப்பிரியா டேப்பைச் சுருட்டினாள். மணி அடித்தது.

வேந்தர் முன்னால் வந்தார். வெளித் தேர்வாளரான அந்தப் பெரிய டாக்டர் பின்னால் வந்தார், காலையில் சாப்பிட்ட நெய்ப் பொங்கல் கண்ணிமை வரை ஏறியிருக்க. சத்யப்பிரியா நின்ற இடத்தில் கால் மாற்றிக்கொண்டாள். ரோசி அவள் வாயையே பார்த்தாள். இந்தப் பெண் 'முட்டி' என்று சொன்னால் தானும் சும்மா படுத்திருக்க வேண்டியதுதான் என்று தோன்றியது. படித்தவளே விட்டுவிட்டால் டைப்பிஸ்ட் எதைப் பிடித்துக்கொண்டு பேசுவது?

"சார், முழங்கால்ல தேய்மானம் லேசா இருக்கு" என்று ஆரம்பித்தாள் சத்யப்பிரியா.

வேந்தர் தலையாட்டினார்.

"ஆனா நடக்க முடியாததுக்கு அது காரணம் இல்ல சார். கழுத்துல தண்டுவட அழுத்தம்."

ஆட்டிக்கொண்டிருந்த தலை நின்றது. பிறகு வேந்தர் சிரித்தார், மேடையில் சிரிக்கும் சிரிப்பு.

"இந்தப் பேஷண்ட எனக்கு ரெண்டு வருஷமா தெரியும். இவங்க கதவுல நுழையும்போதே நான் டயக்னோஸ் பண்ணேன். உனக்கு முன்னாடி பதினோரு பேர் கன்ஃபர்ம் பண்ணிருக்காங்க. நீ முட்டி வலின்னு வந்தவங்க கழுத்தப் பிடிக்கிற!" வெளித் தேர்வாளர் பக்கம் திரும்பி, "செகண்ட் அட்டெம்ப்ட்" என்றார், அதுவே ஒரு வியாதி மாதிரி. பேனாவைத் திறந்தார்.

வெளித் தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். சத்யப்பிரியா டிபன் பாக்ஸை மூடினாள். மூடி சரியாகப் பொருந்தவில்லை.

ரோசி எழுந்து உட்கார்ந்தாள்.

"சார், ஒரு நிமிஷம்."

"கேஸ் பேசக் கூடாதுமா. படுங்க."

"இவ்ளோ நாளு பேசுனதுதான் தப்பாப் போச்சு சார். அந்தப் பதினோரு பேருக்கும் முட்டின்னு சொன்னது நான்தான். எனக்குச் சொன்னது நீங்க. ஒருத்தரும் தொட்டுப் பாக்கல."

மங்கலம் கையை ஆட்டி ஆட்டி ஜாடை காட்டினாள். சடையப்பன், நாற்பது டாக்டர்களின் மானம் போகிறதே என்று கண்ணை மூடிக்கொண்டார்.

"சிஸ்டர், இவங்களப் படுக்க வைங்க" என்றார் வேந்தர்.

"படுக்க மாட்டேன்." ரோசி கையை நீட்டினாள். "இந்தாங்க, இந்த நடு விரலச் சுண்டுங்க. வேந்தரே, உங்களத்தான். முட்டித் தேய்மானத்துக்குக் கட்டவெரலு ஏன் குதிக்குதுன்னு சொல்லுங்க, நான் சாயங்காலம் வரைக்கும் படுத்துக் கெடக்கறேன்."

வேந்தர் அந்தக் கையைப் பார்த்தார். தொட்டால் சந்தேகம் வந்ததாக ஆகிவிடும். தொடாவிட்டால் என்ன ஆகும் என்பதை அவர் யோசித்துக்கொண்டிருந்தபோது, நீட்டிய கையை வெளித் தேர்வாளர் பிடித்துக்கொண்டார். பரீட்சையை முடித்துச் சாப்பிடப் போக இதுதான் குறுக்கு வழி என்று நினைத்திருக்கலாம். நடுவிரல் நகத்தைச் சுண்டினார்.

கட்டை விரல் குதித்தது.

இன்னொரு கையைச் சுண்டினார். அதுவும் குதித்தது. பொங்கல் அவர் இமையிலிருந்து இறங்கியது. சத்யப்பிரியாவின் சுத்தியலை வாங்கி முட்டியைத் தட்டினார், கணுக்காலைத் தட்டினார், உள்ளங்காலில் கோடிழுத்தார். நிமிர்ந்த பெருவிரலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, உடைந்த தமிழில் கேட்டார்:

"கழுத்து எம்.ஆர்.ஐ. எங்க டாக்டர்?"

ஒரு மனிதர் ஒன்பது பட்டம் வாங்குவது சும்மா இல்லை. வேந்தர் இரண்டு நொடிதான் தடுமாறினார்.

"எக்ஸலண்ட்!" என்றார். "இதைத்தான் நான் கேண்டிடேட் கிட்ட எதிர்பார்த்தேன். முட்டிய முன்னால வெச்சு, கழுத்தை வேணும்னே மறைச்சு வெச்சேன். இது ஒரு டீச்சிங் மெத்தட்."

"எத்தன நாளா சார் மறைச்சு வெச்சீங்க?" என்றாள் ரோசி. "ரெண்டு வருஷமா?"

சடையப்பனுக்கு விலா எலும்பும் சேர்ந்து ஒட்டிக்கொண்டுவிட்டதால் நெஞ்சு விரியாது. அதனால் அவர் சிரித்தது சைக்கிளுக்குக் காற்றடிப்பது போலக் கேட்டது. ஆனாலும் நன்றாகவே கேட்டது.

வேந்தர் குரலில் தேன் தடவினார். "அம்மா, இப்ப நீங்க ரொம்ப நல்ல கேஸ். எல்லா அறிகுறியும் அழகா இருக்கு. இன்னும் மூணு கேண்டிடேட் உங்களப் பாக்கணும். படுத்துக்கங்க, சாயங்காலம் ஸ்கேன் விஷயம் பேசலாம்."

ரோசி கட்டிலை விட்டு இறங்கினாள். இறங்க நேரம் ஆனது. இடது காலைக் கையால் எடுத்துத் தரையில் வைத்து, கம்பியைப் பிடித்து நின்றாள். நின்றதும் அவள் வேந்தரைவிடக் கொஞ்சம் உயரம் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. இருவரும் எதிரெதிரே நின்று இதுவரை பார்த்துக்கொண்டதில்லை.

"பேசலாம்னு சொல்லி அனுப்பறது எனக்குப் பழகுன விஷயம் சார். கலெக்டர் ஆபீஸ் சந்துல இருபத்தேழு வருஷம் உக்காந்திருக்கேன். ஸ்கேனுக்கு எழுதிக் குடுங்க. எடுத்துட்டு வந்து படுக்கறேன். மூணு பேரு இல்ல, முப்பது பேரு பாக்கட்டும்."

"பரீட்சை நடுவுல கேஸ் போகக் கூடாதும்மா! ரூல் இருக்கு."

"அப்ப நான் போறதுக்கு முன்னாடி பேனாவ எடுங்க."

எல்லா மாணவர்களுக்கும் ஒரே கட்டில், ஒரே கேஸ் என்பது விதி. மூன்றாம் கட்டில் காலியாகிவிட்டால் அன்றைய பரீட்சை செல்லாது. நின்றுகொண்டிருந்த ஒரு டைப்பிஸ்டின் விறைத்த கால் இரண்டின் மேல் மொத்தக் கல்லூரியின் தேர்வும் நின்றது. வெளித் தேர்வாளர் சிரிப்பை அடக்க மூக்கைச் சொறிந்தார். வேந்தர் தன் லெட்டர் பேடை எடுத்தார். பட்டங்கள் எல்லாம் போக அந்தத் தாளில் எழுத இடம் குறைவாகத்தான் இருந்தது. 'கழுத்து, எம்.ஆர்.ஐ., அவசரம்' என்பதை ஓரத்தில் எழுதிக் கையெழுத்திட்டார்.

"அந்தப் பாப்பா பேரையும் எழுதுங்க" என்றாள் ரோசி. "யாரு சொல்லி எடுத்தோம்னு தெரியணும்ல."

அதை அவர் எழுதவில்லை. ஆனால் வெளித் தேர்வாளர் பார்த்துக்கொண்டிருந்ததால் சத்யப்பிரியாவுக்குப் பாஸ் மார்க் போட்டார். அதற்கு மேல் ஒரு மார்க்கூடப் போடவில்லை.

மற்ற மூன்று மாணவர்களும் பார்த்து முடித்ததும் எடுத்த ஸ்கேன் படத்தில் இரண்டு இடத்தில் தண்டுவடம் மிதிபட்ட கயிறு போல நசுங்கியிருந்தது. நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி. அந்தப் புள்ளி நல்லதில்லை என்று அதே கல்லூரியின் நரம்பு அறுவை டாக்டர் சந்திரலேகா சொன்னாள். ரோசியை நாற்பது நிமிடம் தட்டி, சுண்டி, குத்திப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள். வேந்தர் ஆள் விட்டு, தானே ஆபரேஷன் செய்வதாகச் சொல்லி அனுப்பினார். "கதவு வழியா பண்ணுவாரான்னு கேளு" என்று ரோசி பதில் அனுப்பினாள்.

"உங்களுக்கு உண்மையச் சொல்லணும்" என்றாள் சந்திரலேகா. "ஆபரேஷன் பண்ணாலும் விரல் பழையபடி வேகமா ஓடும்னு நான் எழுதித் தர முடியாது. இன்னும் போகாம தடுக்கறதுதான் குறிக்கோள். ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா வேற மாதிரி சொல்லிருப்பேன்."

லூயிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ரோசி தன் கையைப் பார்த்தாள். விரல்கள் லேசாக மடங்கிக் கிடந்தன.

"போனது போகட்டும் டாக்டர். இனிமே போறதுக்கு நான் சம்மதிக்கல. நாளைக்கே வெச்சுக்கங்க."

சம்மதப் படிவத்தைக் கவுன்டரில்தான் கொடுக்க வேண்டும். அங்கே இருந்த குமாஸ்தா ரோசியின் விரல்களையும், அவளுக்குப் பின்னால் வாசல் வரை நின்ற வரிசையையும் ஒரே பார்வையில் அளந்தான். ஒரு வார்த்தை பேசாமல் மைப் பெட்டியைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினான்.

"ரேகைய வெச்சுடு ரோசி" என்றான் லூயிஸ் காதருகில். "லைன் நிக்குது."

இருபத்தேழு வருடத்தில் எத்தனை பேருடைய கட்டை விரலை இவளே பிடித்து மையில் அழுத்தியிருப்பாள்! ஒவ்வொரு தடவையும், 'பேரெழுதக் கத்துக்கங்க பாட்டி, பேரெழுதக் கத்துக்கங்க மாமா' என்று சொல்லித்தான் அழுத்துவாள். மைப் பெட்டியைப் புறங்கையால் தள்ளினாள். அது குமாஸ்தாவின் டீ டம்ளர் வரை போய் நின்றது.

"பேனா குடு தம்பி."

"நேரமாகும் மேடம்."

"ஆகட்டும்."

பேனாவை விரலிடுக்கில் சொருகி, மற்ற கையால் அதைப் பிடித்துக்கொண்டாள். முதல் எழுத்தின் கொம்பு கட்டத்தைத் தாண்டிப் பக்கத்து வரியில் ஏறியது. பேனா இரண்டு முறை நழுவியது. இரண்டு முறையும் லூயிஸ் எடுக்கக் குனிந்தான், இரண்டு முறையும் அவளே எடுத்தாள். வரிசையில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். ரோசி திரும்பிப் பார்க்காமல் அடுத்த எழுத்துக்குப் போனாள்.